யாருக்கு இடுப்பு வலி

ஞாயிறு காலை

மதிப்புக்குரிய சம்பந்தி அம்மாவுக்கு,

வணக்கம். நாங்கள் இங்கு நலம். கடிதம் என்றால் அப்படித்தான் தொடங்க வேண்டும் என்று கை பழகிவிட்டது. என் முதுகைத் தவிர மற்றதெல்லாம் நலம் என்று திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். அங்கே நீங்களும் மாப்பிள்ளையும் என் மகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று நினைப்பீர்கள். போனில் உங்களிடம் ஒரு விஷயத்தைச் சொல்லி முடிப்பது எனக்குக் கைவரவில்லை. நான் அடுத்த வாக்கியத்துக்கு மூச்சு எடுப்பதற்குள் நீங்கள் மூன்று கேள்வி கேட்டுவிடுகிறீர்கள். குறையாகச் சொல்லவில்லை. பேருந்து நிலையத்தின் விசாரணை ஜன்னலுக்குப் பின்னால் இத்தனை வருடம் உட்கார்ந்தவருக்கு அது தொழில். எனக்கோ கரும்பலகை முன்னால் நின்று யாரும் குறுக்கே பேசாமல் பாடம் நடத்திப் பழக்கம். அதனால் எழுதுகிறேன். அதுவும் நின்றுகொண்டுதான். சமையல் மேடைதான் இப்போது என் மேசை. உட்கார்ந்தால் கொஞ்ச நேரத்திலேயே இடுப்பில் யாரோ ஆணி வைத்து அடிக்கத் தொடங்கிவிடுகிறார்கள்.

அன்று இங்கே நடந்தது உங்களுக்கு முழுதாகத் தெரிந்திருக்காது. உங்கள் சம்பந்தி, அதாவது என் வீட்டுக்காரர், சொல்லியிருக்கவும் மாட்டார். குழந்தைக்கு வாங்கிய துணிகளை அடுக்கலாம் என்று முந்தின நாள் மாலை பரணிலிருந்து பெரிய பெட்டியை இறக்கினேன். ஸ்டூல் போட்டு, தனியாக. அவர் வந்து பிடிக்கிறேன் என்றார். வேண்டாம் என்றேன். இறக்கும்போது ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் வகுப்பில் சாக்பீஸ் கீழே விழுந்தது. குனிந்தேன். நிமிர முடியவில்லை. பிள்ளைகள் நான் எதையோ தேடுகிறேன் என்று நினைத்தார்கள். முன்வரிசையிலிருந்து ஒருத்தி எழுந்து வந்து தானும் குனிந்து தரையைப் பார்த்தாள். என்ன மேடம் தொலைஞ்சது என்று கேட்டாள். சாக்பீஸ் என்றேன். 

சக ஆசிரியை ஒருவர் தன் காரின் பின்இருக்கையில் என்னைப் பக்கவாட்டில் கிடத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். டாக்டர் சின்னச் சுத்தியலால் முழங்காலைத் தட்டினார், காலை ஒவ்வொன்றாகத் தூக்கச் சொன்னார், எங்காவது மரத்துப்போயிருக்கிறதா, சிறுநீர் ஒழுங்காகப் போகிறதா என்று கேட்டார். தசை பிடித்துக்கொண்டிருக்கிறது, படமெல்லாம் எடுக்கத் தேவையில்லை, காலில் பலம் குறைந்தாலோ மரத்தாலோ உடனே வாருங்கள், இல்லாவிட்டால் வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம், படுக்கையே கதி என்று மட்டும் கிடக்காதீர்கள் என்றார். நாலு நாளைக்கு, சாப்பிட்ட பிறகு போட்டுக்கொள்ள ஒரு மாத்திரை. அவ்வளவுதான். குறைவாக எழுதித்தரும் டாக்டரை எனக்குப் பிடிக்கும். மிச்சத்தை எழுதித்தர ஊரில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள்.

அந்த நேரத்தில்தான் உங்கள் சம்பந்தி வெளியே பெஞ்சில் உட்கார்ந்து உங்களுக்குச் செய்தி அனுப்பியிருக்கிறார். இளமையில் அவர் தந்தி அலுவலகத்தில் வேலை பார்த்தவர். தந்தி போய்விட்டது, பழக்கம் போகவில்லை. இன்றைக்கும் சொல்லுக்கு இவ்வளவு என்று காசு கட்டுவதுபோல்தான் எழுதுவார். "இடுப்பு வலி கடுமை. ஆஸ்பத்திரியில். விவரம் பிறகு." யாருக்கு என்பது அதில் இல்லை. நம் மொழியும் அதற்கு இடம்கொடுக்கிறது, ஆள் இல்லாமலே வாக்கியம் நிறைந்துவிடும். போதாததற்கு இடுப்பு வலி என்பது நம்மிடம் இரண்டு வேலை பார்க்கும் சொல். ஐம்பதை நெருங்கும் வாத்தியாரம்மாவுக்கு வந்தால் பிடிப்பு. பிள்ளைத்தாய்ச்சிக்கு வந்தால் பிரசவம்.

நீங்கள் இரண்டாவதை எடுத்துக்கொண்டீர்கள். எட்டாம் மாதத்திலேயே மருமகளுக்கு வலி கண்டுவிட்டது என்று பதறி அன்றைய ரயிலிலேயே ஏறிவிட்டீர்கள். அடித்துப்பிடித்துக்கொண்டு போய்க் கதவைத் தட்டினால், என் மகள் ஆப்பிளைக் கடித்துக்கொண்டே வந்து திறந்தாளாம். மாப்பிள்ளை உங்களுக்கு ‘இடுப்பு வலி எக்ஸ்பிரஸ்’ என்று பெயர் வைத்திருப்பதாக அவள் சொன்னாள். ஊருக்கெல்லாம் விசாரணை சொல்பவர் தான் விசாரிக்காமல் வண்டியேறிவிட்டார் என்று உங்கள் ஆபீசில் கேலி செய்வதை நீங்களே என்னிடம் சொல்லிச் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். சிரித்தால் வலிக்கும் என்பதால் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

அவசரத்தில் போனவர் திரும்பிவிடாமல் அங்கேயே இருந்து அவளைப் பார்த்துக்கொள்வதற்கு நன்றி. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

இங்கே என்னைப் பார்க்க வருகிறவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒவ்வொருவருக்கும் ஒரு மச்சான் இருக்கிறார். அந்த மச்சான் மாதக்கணக்கில் எழுந்திருக்க முடியாமல் கிடந்து, ஏதோ ஒன்றைத் தடவியோ கட்டியோ மறுநாளே எழுந்து ஓடியிருக்கிறார். கீழ்வீட்டுக்காரர் ஒரு பலகையைக் கொண்டுவந்து, இதன் மேல் படுங்கள் என்று மெத்தையில் போட்டுவிட்டுப் போனார். ஒருவர் காந்தம் வைத்த பெல்ட் கொடுத்தார். அதைக் கட்டிக்கொண்டு அடுக்களைக்குப் போனால் கரண்டி ஒட்டிக்கொள்ளுமோ என்று உங்கள் சம்பந்திக்குக் கவலை. தைலம் மட்டும் நான்கு விதம் வந்திருக்கிறது. வீடு முழுக்க ஒரே நெடி. பூனை ஒன்று வழக்கமாக வந்து போகும், அதுவும் நின்றுவிட்டது.

நீங்கள் சொன்ன உப்பு ஒத்தடத்தை நான் செய்யவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ரப்பர் பையில் வெந்நீர் ஊற்றித் துணி சுற்றி வைத்துக்கொள்கிறேன். வாரம் இருமுறை வருகிற பிசியோதெரபிஸ்ட் அம்மாவிடம் கேட்டேன். சூடு சூடுதான், உப்பில் வந்தால் என்ன, தண்ணீரில் வந்தால் என்ன என்றார். ஆகவே நீங்கள் பாதி வென்றீர்கள். வெறும் தரையில் படுக்கச் சொன்னீர்களே, அதில் தோற்றீர்கள். தரையில் படுத்தால் எழுப்ப இரண்டு ஆள் வேண்டும், இங்கே இருப்பவர் ஒருவர்.

இனி முக்கியமான விஷயம். பிரசவத்துக்கு ஒரு வாரம் முன்னதாக நான் அங்கே வந்துவிடுவேன். அதற்குள் முதுகு சரியாகிவிடும். அந்த ஆஸ்பத்திரியில் பிரசவ அறைக்குள் துணைக்கு ஒரே ஒருவரைத்தான் விடுவார்கள் என்று என் மகள் விசாரித்து வைத்திருக்கிறாள். மாப்பிள்ளை ஊசியைப் பார்த்தாலே சுவரில் சாய்கிறவர். உள்ளே நான் இருப்பேன் என்று அவளிடம் மூன்றாம் மாதமே சொல்லிவிட்டேன். பிரசவத்துக்கு நீங்களும் வருவதாக முன்பு சொன்னபோது, சிரமம் வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று நான் சொன்னது நினைவிருக்கும். இப்போதும் அதையேதான் சொல்கிறேன். உங்கள் விடுப்பை எல்லாம் இதிலேயே கரைத்துவிட வேண்டாம். நான் வந்ததும் நீங்கள் ஊர் திரும்பலாம்.

மாப்பிள்ளைக்கு எங்கள் அன்பைச் சொல்லவும்.

இப்படிக்கு,
மரியாதையுடன்,
உங்கள் சம்பந்தி



வியாழன் மாலை

அன்புள்ள சம்பந்தி அம்மாவுக்கு,

வணக்கம். இந்தக் கடிதத்தைக் கொண்டுவருகிறவர் கையில் பெரிய பெட்டி ஒன்றும் இருக்கும். குழந்தைத் துணிகள் அதில் இருக்கின்றன. அவரை முதலில் குளிக்கச் சொல்லிவிட்டு, அப்புறம் தனியாக உட்கார்ந்து இதைப் படியுங்கள். ரயிலில் அவர் சாப்பிட்டிருக்க மாட்டார். கேட்டால் சாப்பிட்டேன் என்பார்.

என் முந்தைய கடிதம் கிடைத்ததும் போன் செய்தீர்கள். கையெழுத்து அச்சு மாதிரி இருக்கிறது என்று புகழ்ந்தீர்கள். ஊர் திரும்புவது பற்றி நான் எழுதியதற்கு, பார்க்கலாம் சம்பந்தி, முதல்ல நீங்க நடங்க என்று சொல்லி வேறு பேச்சுக்குப் போய்விட்டீர்கள். அதனால் நடந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஆரம்பத்தில் என் உலகம் படுக்கைக்கும் குளியலறைக்கும் நடுவில் இருந்தது. கட்டிலிலிருந்து எழுந்திருப்பதற்கே பிசியோதெரபிஸ்ட் அம்மா பாடம் எடுத்தார். மல்லாந்த நிலையிலிருந்து அப்படியே எழக்கூடாது. முழங்காலை மடக்கி, உடம்பை உருட்டி ஒருக்களித்து, காலைத் தொங்கவிட்டு, கையை ஊன்றி எழ வேண்டும். படுக்கும்போது முழங்கால்களுக்கு நடுவில் ஒரு தலையணை. நாற்காலியில் உட்கார்ந்தால் இடுப்புக்குப் பின்னால் சுருட்டிய துண்டு. பிறகு வராந்தாவில் நடை. வலிக்கும் முன் நிறுத்து, நின்ற பின் மறுபடி நட. வலி இருக்கும்போது நடந்தால் ஏதாவது முறிந்துவிடும் என்ற பயத்தை விடுங்கள், உங்கள் முதுகு நீங்கள் நினைப்பதைவிடக் கெட்டி என்றார். நம்பவில்லை. போய்ப் படித்துப் பார்த்தேன். அவர் சொன்னது சரி.

பயிற்சிக்கு உங்கள் சம்பந்திதான் வாத்தியார். பிசியோதெரபிஸ்ட் அம்மா சொல்லிக்கொடுத்ததையெல்லாம் குறித்துக்கொண்டு, தினமும் கட்டில் பக்கத்தில் நின்று படிப்பார். "வலது முழங்கால். மார்பு. பிடி. விடு. இடது." முற்றுப்புள்ளியைக்கூட வாயால் சொல்கிறாரோ என்று தோன்றும். ஒருநாள் வலி அதிகமாகி நான் எரிந்து விழுந்தேன். கையிலிருந்த குறிப்பை ஒருமுறை பார்த்துவிட்டு, "மன்னிக்கவும். இடது," என்றார்.

இப்போது தெருமுனை வரை போய்த் திரும்புகிறேன். சட்டையின் கடைசிப் பட்டனைக் குனிந்து பார்க்க முடிகிறது. கால்விரல் இன்னும் தூரத்து உறவு.

நான் புள்ளியியல் சொல்லித்தருகிறவள். எது எதனால் ஆயிற்று என்று யாராவது உறுதியாகச் சொன்னால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும். இந்த மாதிரி வலி பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தானாகவே தணிகிறது. தணிகிற வாரத்தில் யார் வந்து எதைத் தடவினாலும் பெயர் அவருக்குத்தான். பலகைக்காரர் என்னைத் தெருவில் பார்க்கும்போதெல்லாம் பலகையை விசாரிக்கிறார். அது கட்டிலுக்கு அடியில் சுகமாக இருக்கிறது. அப்படியானால் யாருக்கு நன்றி சொல்வது என்று யோசித்துக்கொண்டே நடந்தேன். நடக்கிறவர்களுக்கு யோசிக்க நேரம் இருக்கிறது. விடை போன வாரம் வேறு வழியாக வந்தது.

உங்கள் மருமகளிடம் போனில் பேசிக்கொண்டிருந்தேன். பேச்சுக்கு நடுவில் உங்களுடைய எக்ஸ்பிரஸ் பயணத்தைப் பற்றி நான் ஏதோ வேடிக்கையாகச் சொன்னேன். பாவம், வலியோடு நீ துடித்துக்கொண்டிருப்பாய் என்று நினைத்து வந்தவரை ஆப்பிளோடு வரவேற்றாயே என்றேன். அவள் சிரித்தாள். பிறகு, யோசித்துப் பார்த்தா அன்னிக்கு அத்தை என் வயித்தைப் பாக்கவே இல்லம்மா என்றாள். கதவைத் திறந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் நீங்கள் கேட்ட முதல் கேள்வி என்ன என்று சொன்னாள்.

"உங்கம்மா எழுந்து உக்காந்தாங்களா?"

அவளுக்கு அது சாதாரணமாகப் பட்டிருக்கிறது. அத்தைக்கு எல்லார் மேலும் அக்கறை என்று சொல்லிவிட்டு வேறு எதற்கோ போய்விட்டாள். நான் போனை வைத்துவிட்டுச் சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பால்காரரிடமே மூன்று கேள்வி கேட்கிறவர், மருமகளுக்கு வலி என்று நினைத்த ஒரு நாள் முழுக்க, கையில் போனை வைத்துக்கொண்டு, சொந்த மகனை ஒரு தடவைகூட அழைக்காமல் ரயிலில் உட்கார்ந்திருந்தாரா? பதறி ஓடுகிறவர் தன் தலையணையை உறையோடு எடுத்து வைத்துக்கொள்வாரா? தலையணை விஷயம் அவள் எப்போதோ சொன்னதுதான். அன்றைக்கு எனக்கு அது ஒன்றும் உறைக்கவில்லை. எதையும் ஆதாரம் கேட்காமல் ஏற்காதவள் என்று எனக்குப் பெயர். இதை மட்டும் அப்படியே ஏற்றுக்கொண்டிருக்கிறேன். உங்களை ஒரு ஏமாளியாக நினைத்துக்கொள்வது எனக்கு வசதியாக இருந்தது போலிருக்கிறது.

உங்கள் சம்பந்தியைக் கூப்பிட்டேன். அவர் துணி மடித்துக்கொண்டிருந்தார். கேட்டேன். மடித்த துணியைப் பிரித்து மறுபடி மடித்தார். பிறகு சொன்னார். செய்தி அனுப்பிய சற்று நேரத்திலேயே நீங்கள் அவரை அழைத்திருக்கிறீர்கள். யாருக்கு வலி, எந்த ஆஸ்பத்திரி, டாக்டர் என்ன சொன்னார் என்று வழக்கமான மூன்று கேள்விகளையும் கேட்டிருக்கிறீர்கள். அவரும் பதில் சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகு நீங்கள் சொன்னதை அவர் ஒரு சொல் விடாமல் என்னிடம் ஒப்பித்தார். அவர் வாயிலிருந்து அவ்வளவு நீளமாக ஒன்றைக் கேட்டு எனக்குப் பல வருடம் ஆகிறது.

"நான் போறேன்னு சொன்னா அவங்க வேணாம்னுதான் சொல்வாங்க. சொல்லிட்டு அந்த இடுப்போட ரயில் ஏறுவாங்க. எனக்கு நீங்க அனுப்பினது சரியாப் புரியலன்னு இருக்கட்டும் சம்பந்தி. நான் போய்ச் சேர்ந்துட்டா அப்புறம் யாரு என்னைத் திருப்பி அனுப்புவாங்க?"

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. உண்மையை எழுதுகிறேன். என்னைச் சுற்றி இரண்டு பேர் கூடிப் பேசி, குழந்தைக்கு மருந்தைப் பழத்தில் வைத்துக் கொடுப்பதுபோல் கொடுத்திருக்கிறார்கள். அவரிடம் ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை. அவருக்கு வித்தியாசம் தெரிந்ததா என்பது சந்தேகம். மறுநாள் நடக்கும்போது, அன்று நீங்கள் நேராகக் கேட்டிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று யோசித்தேன். நீங்கள் சொன்னதைத்தான் செய்திருப்பேன். ஒரு வாரத்தில் சரியாகிவிட்டது என்று பிசியோதெரபிஸ்ட் அம்மாவிடம் பொய் சொல்லிவிட்டு, பெட்டியோடு வண்டியேறியிருப்பேன். எங்கே போய் விழுந்திருப்பேனோ தெரியாது.

அதோடு இன்னொன்றும் புரிந்தது. படுத்துக் கிடந்த அந்த முதல் வாரங்களில் ஒருநாள்கூட நான் அவளை நினைத்துப் பயப்படவில்லை. உங்களை நினைத்துச் சிரித்தேன், மச்சான்களை நினைத்துச் சிரித்தேன், தைல நெடியில் சலித்துக்கொண்டேன், தூங்கினேன். அவளுடைய கால் வீக்கத்தைப் பார்த்து நீங்கள் டாக்டரிடம் அழைத்துப் போனதும், ரத்த அழுத்தம் ஏறியிருக்கிறது என்று மாத்திரை கொடுத்ததும், அது கட்டுக்குள் வந்த பிறகுதான் எனக்குச் சொல்லப்பட்டது. வலி தானாகத் தணிந்திருக்கலாம். அந்தத் தூக்கம் தானாக வரவில்லை. ஆபீசில், வீட்டில், சொந்த மகனிடம் எல்லாம் கேலிக்கு ஆளாகி அதை நீங்கள் எனக்குக் கொடுத்திருக்கிறீர்கள். எங்கள் பாடத்தில் இதை நிரூபிக்க வழியில்லை. நான் நிரூபணம் கேட்கவும் இல்லை.

நேற்று ஒரு சோதனை செய்து பார்த்தேன். ரயிலில் வர முடியுமா என்று தெரிய வேண்டும் அல்லவா. சக ஆசிரியையின் காரில் ஊரைத் தாண்டிப் போய்த் திரும்பினோம். பாதி வழியிலேயே வலி இடுப்பிலிருந்து தொடை வரை இறங்கிவிட்டது. வீட்டுக்கு வந்து காரிலிருந்து இறங்கக் கால் மணி நேரம். பிசியோதெரபிஸ்ட் அம்மா வந்து எல்லாம் சோதித்துவிட்டு, பயப்பட ஒன்றுமில்லை, அவசரப்பட்டதால் வந்தது, மறுபடி தணிந்துவிடும் என்றார். பயணம் கூடாதா என்று கேட்டேன். அந்த அம்மா சுற்றி வளைத்துப் பேசுகிறவர் இல்லை.

"போகலாம். நான் தடுக்கல. ஆனா அங்க போய் நீங்களும் படுத்துக்குவீங்க. ஏற்கனவே ஒரு ஆளைப் பாக்குறவங்க, ரெண்டு ஆளைப் பாக்கணும்."

ராத்திரி உங்கள் சம்பந்தியிடம் சொன்னேன், நீங்க மட்டும் போங்க என்று. நீ எப்படித் தனியாக என்றார். சக ஆசிரியை வந்து தங்குகிறேன் என்று சொல்லியிருக்கிறார், நான் சரி என்று சொல்லிவிட்டேன் என்றேன். சரி என்றா சொன்னாய் என்று கேட்டார். நான் ஒருவரிடம் சரி என்று சொன்னதை அவர் அதிகம் கேட்டதில்லை.

நேற்றே மகளிடமும் பேசிவிட்டேன். நான் வரவில்லை என்று சொன்னேன். நீ உடம்பைப் பாரும்மா என்றாள். அத்தை உள்ளே வருவார்களா என்று நான்தான் கேட்டேன். நீங்கள் அவளிடம் ஏற்கனவே சொல்லிவிட்டீர்களாம், உள்ளே போவது உன் அம்மா, அது அவங்க இடம், நான் வெளியே பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன் என்று. எனக்காகக் கடைசி நாள் வரை அந்த இடத்தைக் காலியாக வைத்திருக்கிறீர்கள்.  அதனால்தான் இந்தக் கடிதம்.

அன்றைக்கு எனக்காக நீங்கள் ஒரு செய்தியைத் தப்பாகப் படித்தீர்கள். இந்த முறை அந்தச் சிரமம் வேண்டாம். எழுவாய், பயனிலை எல்லாம் வைத்து எழுதுகிறேன். நான் வரவில்லை. என் மகளுக்கு வலி எடுக்கும்போது நீங்கள் அவளோடு அறைக்குள் போங்கள். என் இடத்தில் என்று போக வேண்டாம், உங்கள் இடத்திலேயே போங்கள். இதை நான் உங்களிடம் கேட்கிறேன். யாரிடமும் இதற்கு முன் நான் இப்படிக் கேட்டதில்லை, அதனால் சரியாகக் கேட்டிருக்கிறேனா என்று தெரியவில்லை.

விடுப்பு போதாதென்றால் உங்கள் சம்பந்தியிடம் சொல்லுங்கள். உங்கள் அலுவலகத்துக்கு நேரில் போய்க் கேட்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார். மூன்று சொல்லில் கேட்பார், ஆனால் கேட்பார்.

அவளைப் பெற்றபோது உள்ளே என்னோடு யாரும் இல்லை. யாராவது வரட்டுமா என்று நர்ஸ் கேட்டார், வேண்டாம் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வலியில் நான் சத்தமே போடவில்லை என்று எல்லாரும் மெச்சினார்கள். அது மெச்சுகிற விஷயமா என்று இப்போது தோன்றுகிறது.

மாப்பிள்ளைக்கு என் அன்பு. அவரை வெளியே உட்காரவைத்து, கையில் தண்ணீர் கொடுத்துவிட்டுப் போங்கள். நம் பெண்ணும் குழந்தையும் நல்லபடியாக வெளியே வர வேண்டும், உங்கள் கையில் குழந்தையை முதலில் கொடுக்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. அவளைப் பற்றி உங்களுக்குத் தெரியாத ஒன்று என்னிடம் பாக்கி இருந்தால் அது இதுதான். உள்ளே அவளிடம் நீங்கள் எப்படி இருக்கிறது என்று கேட்பீர்கள். ஒண்ணுமில்ல அத்தை என்பாள். அப்போதுதான் மிகவும் வலிக்கிறது என்று அர்த்தம். கையை அப்போது விட்டுவிடாதீர்கள்.

நன்றியுடனும் அன்புடனும்,
உங்கள் சம்பந்தி